காக்கா வராத காலை

முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் பதினாறாம் நாள் காரியத்தில் உளுந்த வடை சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். சமீபத்தில்தான்.

வடை நன்றாக இருந்தது. அதைச் சொல்லத் தயக்கமில்லை. மற்றதைச் சொல்லத்தான் தயக்கம். அதனால்தான் சில வாரங்களாக இந்தப் பக்கத்தில் வேறு எதையெதையோ எழுதி ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன் — ஒரு வாரம் தக்காளி விலை, ஒரு வாரம் பல் டாக்டர். நீங்கள் கவனித்திருப்பீர்கள். இனியும் பல் டாக்டரை இழுத்துக்கொண்டிருக்க முடியாது.

விஷயம் இதுதான்.

சேரன்மகாதேவிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில், தாமிரபரணிக் கரையில் ஒரு கல் மண்டபம் இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம். காரணம் போகப்போகப் புரியும். மண்டபத்தில் பாதி எப்போதோ வெள்ளத்தோடு போய்விட்டது. மீதியில் ஆடு கட்டுவார்கள், துணி காயப்போடுவார்கள், மத்தியானமானால் சீட்டு ஆடுவார்கள். அந்த மண்டபத்துக்குத் திடீரென்று யோகம் அடித்தது. பாரம்பரியச் சின்னங்களைப் புது மாதிரி காட்டுகிறோம் என்று ஒரு கம்பெனி வந்து இறங்கியது.

ஆக்மென்டெட் ரியாலிட்டி. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மண்டபத்துக்கு முன்னால் நின்று போனை நீட்டினால், திரையில் இடிந்த பாதியும் எழுந்து நிற்கும். இல்லாத தூண் இருக்கும், இல்லாத விளக்கு எரியும். போனை இறக்கினால் பழையபடி ஆடு நிற்கும். அவ்வளவுதான்.

இதற்கு வசனம் எழுதி என் குரலிலேயே பேசித் தர வேண்டும் என்று கேட்டார்கள். "உங்க குரல்ல ஒரு நெல்லை மணம் இருக்கு சார்" என்றார், பெங்களூரிலிருந்து பேசிய டீம் லீடர் தம்பி. புகழ்ச்சிக்கு மயங்காதவன் நான் என்று எழுத ஆசைதான்... மயங்கிவிட்டேன். 'இந்தக் கற்கள் பேசும்' என்று முதல் வரி எழுதினேன். அதை வீட்டுக் கூடத்தில் நடந்தபடி ஏற்றி இறக்கிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "கல்லு பேசட்டும், நீங்க செத்த நேரம் சும்மா இருங்க" என்று வீட்டம்மா சொல்லும்வரை.

மண்டபத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமென்றால் ட்ரோன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து நூற்றுக்கணக்கில் படம் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு நிபந்தனை — வெயில் கூடாது. வெயில் அடித்தால் நிழல் விழும், கம்ப்யூட்டர் நிழலையும் கல்லென்று நினைத்துக்கொள்ளும். ஆகவே மேகம் மூடிய காலை வேண்டும். திருநெல்வேலியில் மேகம் மூடிய காலைக்கு எங்கே போவது? உள்ளூர்க்காரன் என்று இந்த மேற்பார்வையையும் என்னிடமே விட்டிருந்தார்கள். நானும் ட்ரோன் ஓட்டுபவரும் இரண்டு தடவை விடிகாலையில் கிளம்பிப் போய், சூரியனைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம்.

மூன்றாம் தடவை மேகம் கிடைத்தது.

ட்ரோன் ஓட்டுபவர் ரீகன். உவரிக்காரர், கல்யாணமாகிக் குழந்தைகள் இருக்கிற மனிதர். அப்பா கடலில் வலை போட்டார், மகன் வானத்தில் போடுகிறார் என்று ஒரு ஜோக் அடித்தேன். ஏற்கெனவே நிறையப் பேரிடம் கேட்டிருப்பார் போல. சிரிக்கவில்லை.

மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மருத மரம். அதில் காக்காக்கூட்டம். ட்ரோன் மேலே எழும்பியதுமே அத்தனையும் கத்திக்கொண்டு கிளம்பின. ஒன்றிரண்டு கோபக்காரக் காக்காக்கள் அதைக் கொத்தப் பார்த்தன. பிறகு மொத்தக் கூட்டமும் அக்கரைக்குப் போய்விட்டது.

"நல்லதாப் போச்சு, படத்துல குறுக்க வராது" என்றேன். என் வாயால், சந்தோஷமாக.

கொஞ்ச நேரத்தில் ஒரு லோடு ஆட்டோவும் சில பைக்குகளும் வந்து நின்றன. படித்துறையின் அந்தக் கோடியில் ஒரு குடும்பம் இறங்கியது. தலை மழிக்க ஒருவர், வாழையிலைக் கட்டு, தூக்குவாளிகள், அழுது ஓய்ந்த முகங்கள். பார்த்ததும் தெரிந்துவிடும், கருமாதி.

ரீகன் என்னைப் பார்த்தார். "சார், அங்கன காரியம் நடக்கப்போவுது. இறக்கிருவமா? முடியட்டும், பைய எடுப்போம்."

"மேகம் வெலகிட்டுன்னா பொறவு என்ன செய்யப்போறிய?" என்றேன் நான். "அவங்க வேலைய அவங்க பாக்காங்க. நாம நம்ம வேலையப் பாப்போம்."

கேட்டவர் மாதா கோயிலுக்குப் போகிறவர். வேண்டாம் என்றவன், தன் அப்பாவுக்கு இதே ஆற்றங்கரையில் இலை போட்டுவிட்டு, காக்கா வருமா வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவன்.

ட்ரோன் சுற்றியது. அவர்கள் தலைக்கு நேர் மேலே இல்லை. உயரத்தில், மண்டபத்தைச் சுற்றித்தான். 'அரசாங்கத்துல என்னமோ அளக்காவ போல' என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அரசாங்கம் என்றால் நம் ஜனங்கள் மேலே கேட்க மாட்டார்களே. அதுவும் எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

முழுக்குப் போட்டு, சடங்கெல்லாம் முடித்து, படித்துறைச் சுவரின் மேல் இலை விரித்தார்கள். சோறு, பருப்பு, வடை, பாயசம். மொட்டைத் தலையோடு நின்ற மகன் இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துக் கூப்பிட்டான்.

"கா... கா... கா..."

வரவில்லை.

மற்றவர்களும் சேர்ந்து கூப்பிட்டார்கள். மரம் சும்மா நின்றது. இலைக்குப் பக்கத்தில் தண்ணீர் வைத்துப் பார்த்தார்கள். செத்துப்போனவருக்கு பீடி பிடிக்குமாம். ஒரு பீடியை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார்கள். "எப்பா, அம்மாவ நாங்க நல்லாப் பாத்துக்கிடுதோம், வாங்கப்பா" என்றான் மகன்.

அப்போதும் வரவில்லை.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரியும். காக்கா வரவில்லை என்றால், போனவருக்கு மனக்குறை. யார்மேல் குறை என்று தேடத் தொடங்குவார்கள். அவரவர் ஒரு தப்பை ஒப்புக்கொள்வார்கள், ஒரு வாக்குக் கொடுப்பார்கள். யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் யாராவது ஒருவரை எல்லோரும் சேர்ந்து கண்டுபிடிப்பார்கள்.

கண்டுபிடித்தார்கள். இறந்தவரின் தங்கை, வயதான அம்மாள் ஒருவர், திரும்பி மண்டபத்தைப் பார்த்தார். அங்கே தூண் ஓரமாக, கூட்டத்தோடு சேராமல், பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் நின்றிருந்தாள். வந்ததிலிருந்தே அங்கேதான் நின்றிருந்தாள் — அசையாமல்.

"அவ நிக்காள்லா. பொறவு எங்க அண்ணன் எப்படி வருவாவ?"

"அத்த, சும்மா இருங்க" என்றான் மகன்.

"நான் என்னத்தச் சொல்லிட்டேன்? எலை போட்டு எம்புட்டு நேரமாச்சு? கண்ணால பாக்கியள்லா? ஒத்தக் காக்கா உண்டுமா?"

இந்த 'ஒத்தக் காக்கா' என்ற வார்த்தை காதில் விழுந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மரத்தைப் பார்த்தேன். மேலே ட்ரோனைப் பார்த்தேன். அக்கரையைப் பார்த்தேன்.

அவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்பீர்கள். துக்கத்தில் இருப்பவர்களுக்கு அதெல்லாம் தோன்றாது. தோன்ற வேண்டியது எனக்குத்தானே? தோன்றியது. நாலு எட்டு நடந்து போய், "அம்மா, காக்காவ விரட்டுனது எங்க மிஷினு" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"சார்..." என்றார் ரீகன்.

"இன்னும் ஒரு ரவுண்டுதான. முடிச்சிருங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? மேகத்துக்காக என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்புவார்களே, அந்தப் பயம். 'ஏன்யா, இது உனக்கு முதல்லயே தெரியாதா?' என்று கேட்டால் என்ன சொல்வேன்? பத்தி எழுதுகிறவன், நாலு பேருக்கு நல்லது சொல்கிறவன், அந்த நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பெண் தூணை விட்டு இறங்கி வந்தாள். இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கத்தவில்லை, அழவில்லை. அப்பாவிடம் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினாள்.

"எப்பா... நான் செஞ்சது உங்களுக்குப் பிடிக்கல. தெரியும். எம்மேல உள்ள கோவத்துல பட்டினி கெடக்காதிய. சாப்பிட மட்டும் வாங்கப்பா."

மேலே ட்ரோன் 'ங்ஙீ...' என்று ஒரு சுற்று வந்தது.

அவள் கொஞ்ச நேரம் வானத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து, "நான் போறேம்ண்ணே. அப்பா சாப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். அண்ணன் ஒரு அடி எடுத்து வைத்தான். அவன் தோளில் யாரோ கை போட்டு நிறுத்தினார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் ரோட்டுக்குப் போய்விட்டாள்.

கடைசிச் சுற்றும் முடிந்து ரீகன் ட்ரோனைத் தரையிறக்கினார். சத்தம் நின்றது. ஆறு ஓடுகிற சத்தம் கேட்டது.

அக்கரையிலிருந்து ஒரு காக்கா வந்தது. மருத மரத்தில் உட்கார்ந்தது, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது, இறங்கி வந்து வடையைக் கொத்திக்கொண்டு போனது. பின்னாலேயே கூட்டமாக வந்துவிட்டன.

"பாத்தியளா?" என்றார் அத்தை, கண்ணீரும் சந்தோஷமுமாக. "அவ படியேறுதா, எங்க அண்ணன் எறங்குதாவ!"

அப்போதாவது பேசினேனா? இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்த வடை. எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, அந்த அத்தையே தூக்குவாளியோடு எங்களிடம் வந்தார். "நீங்களும் ஒரு வா சாப்பிடுங்க சார். காலையிலேர்ந்து நிக்கிய." ரீகன் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் வாங்கிச் சாப்பிட்டேன். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்களே.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுசையும் கேட்டுவிட்டு, "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்திய?" என்றாள். பிறகு ராத்திரிவரை என்னோடு பேசவில்லை. கல்லெல்லாம் பேசும் என்று எழுதிக் கொடுத்தவனுக்கு இது தேவைதான்.

சில நாள் கழித்து பெங்களூர்த் தம்பி போன் செய்தார். மண்டபம் கம்ப்யூட்டரில் பிரமாதமாக வந்துவிட்டதாம். படத்தையும் அனுப்பியிருந்தார். உண்மையிலேயே பிரமாதம். ஒவ்வொரு கல்லும், ஒவ்வொரு வெடிப்பும் அப்படியே இருந்தது. குடும்பம் இல்லை, இலை இல்லை, லோடு ஆட்டோகூட இல்லை. படித்துறை காலி.

ஒரு தூணுக்குப் பக்கத்தில் மட்டும் ஆள் உயரத்துக்குப் பச்சையாக ஒரு கறை.

"அது என்னன்னு தெரியல சார், அழிச்சிருவோம்" என்றார் தம்பி. "அப்புறம் அந்த மரம் ரொம்ப காலியா இருக்கு. காக்கா கொஞ்சம் போட்டுரட்டுமா? பார்க்க லைவ்வா இருக்கும்."

ரீகனிடம் கேட்டேன், அதென்ன பச்சை என்று. அவர் விளக்கினார். நூற்றுக்கணக்கான படங்களை ஒன்று சேர்க்கும்போது, நடமாடுகிறவர்களைக் கம்ப்யூட்டர் தள்ளிவிடுமாம். ஒரு படத்தில் இங்கே இருப்பவர் அடுத்த படத்தில் அங்கே இருப்பார் இல்லையா? அதனால் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. லோடு ஆட்டோ படம் எடுக்காத பக்கம் நின்றிருக்கிறது. "அசையாம நின்னதுதான் சார் நிக்கும். அந்தப் பிள்ள அவ்வளவு நேரமும் அசையவே இல்ல. அதான் கல்லோட சேந்துட்டு."

அதற்கு மேல் என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை.

விசாரித்துக் கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. அந்தப் பக்கத்து டீக்கடை ஒன்று போதும். அண்ணனுக்கு வெல்டிங் பட்டறை. முருகன் என்று வைத்துக்கொள்வோம். தங்கையைச் செல்வி என்று வைத்துக்கொள்வோம். பட்டறைக்குப் போனபோது முருகனின் மொட்டைத் தலையில் முடி அரும்பியிருந்தது. ரீகனும் கூட வந்தார், நான் கூப்பிடாமலே.

ட்ரோன் பறக்கும்போது ரீகனின் போனில் தானாகப் பதிவாகியிருந்த வீடியோவைக் காட்டினோம். ட்ரோன் எழும்புகிறது, மரத்திலிருந்து காக்காக்கள் சிதறிப் பறக்கின்றன, ஆற்றைக் கடந்து போகின்றன. பிறகு நீண்ட நேரம் மண்டபம், படித்துறை, மண்டபம். ஓரத்தில் பச்சையாக ஒரு பொட்டு படியேறுகிறது.

முருகன் இரண்டு தடவை பார்த்தார். கிரீஸ் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா சார்?"

இவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்புறம்தான் சொன்னார். செல்வி தானாக ஒருத்தரைக் கட்டிக்கொண்டு போனவள், வேறு ஆட்கள். அப்பா அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. இவர்தான் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சண்டை போட்டு, காரியத்துக்கு அவளை வரவழைத்திருக்கிறார். காரியம் முடிந்து வீட்டுக்கும் கூட்டிப்போய், அம்மா கையால் சாப்பிட வைப்பதாக ஏற்பாடு. "அப்பாவே வேண்டாம்னு சொல்லிட்டாருன்னு இப்ப எல்லாரும் சொல்லுதாவ. அவளும் நம்பிட்டா. நான் போன் போட்டாலும் எடுக்க மாட்டேங்கா."

ரீகன் தன் போனை நீட்டினார். புது நம்பர் என்பதால் செல்வி எடுத்துவிட்டாள். அண்ணன் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு என்னிடம் கொடுத்தார். "நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். என்னென்னவோ சுற்றி வளைத்துச் சொல்லிக் கடைசியில் நேராகவே சொன்னேன். காக்கா வராமல் இருந்தது உன்னால் இல்லை அம்மா. என்னால். தெரிந்தும் சும்மா இருந்தேன்.

அவள் முழுசையும் கேட்டாள். பிறகு, "நான் போன பொறவு அப்பா வந்தாவளா சார்?" என்றாள்.

"வந்தாவம்மா. ட்ரோன இறக்குனதும் வந்தாவ."

"நல்லா சாப்பிட்டாவளா?"

"சாப்பிட்டாவ."

"நான் பாக்கலியே சார்." அடுத்து இதைக் கேட்டாள். "அந்த வீடியோல இருக்கா?"

வீடியோவில் எல்லாம் இருக்கிறது. மண்டபத்தின் ஒவ்வொரு கல்லும் இருக்கிறது. அது மட்டும் இல்லை. ட்ரோன் பறந்தவரை காக்கா வரவில்லை; காக்கா வந்தபோது ட்ரோன் தரையில் கிடந்தது. இல்லை என்று சொன்னேன். 'சரி சார்' என்று வைத்துவிட்டாள்.

பட்டறையை விட்டு வெளியே வரும்போது முருகனிடம் கேட்டேன், அத்தையிடம் நானே வந்து சொல்லட்டுமா என்று. அவர் தலையை ஆட்டினார். "வாயால சொன்னா நம்ப மாட்டாவ. பேரெல்லாம் மாத்திப் பேப்பர்ல எழுதுங்க. உங்க பத்திய ஒரு வாரம் விடாம வாசிப்பாவ சார், அவிய."

இத்தனை வருஷம் எழுதியதில், இப்படி ஒரு வாசகி இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் மட்டும் அன்று பேசியிருப்பேனா என்ன?

செயலி தயாராகிவிட்டது. பச்சைக் கறையை விட்டுவைக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். பார்க்கிறவர்கள் கோளாறு என்று நினைப்பார்கள் சார் என்று அழித்துவிட்டார்கள். மருத மரத்தில் காக்கா உட்கார்ந்திருக்கிறது, கம்ப்யூட்டர் காக்கா. ட்ரோன் வந்தாலும் பறக்காது, இலை போட்டாலும் இறங்காது. கீழே என் குரல், கற்கள் பேசும் என்கிறது. எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை.

அம்மா, நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் கொடுத்த வடையை வாங்கித் தின்றவன்தான் நான். உங்கள் அண்ணன் வந்தது செல்வி படியேறியதால் இல்லை. நான் அந்த மிஷினை இறக்கச் சொன்னதால்கூட இல்லை. அது தன் வேலையை முடித்துக்கொண்டு இறங்கியதால் வந்தார். ஆடி அமாவாசைக்கு இலை போடும்போது அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு உங்கள் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேலே எதுவும் பறக்காமல் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் — காக்காவைத் தவிர.